முதற் கவளம் இரண்டு

ஆண்டின் முதற் கவளத்தை ஒருவர் இரண்டு வீடுகளில் உண்ணல் இயலுமா? மேலோட்டமாக நோக்குவார்க்கு இது சிறுபிள்ளை வினாவாகத் தோன்றும். மெய்யியல் வகுப்புகளில் ஆராயப்படும் பெருவினாக்களின் வரிசையில் இதற்கு இடம் கிடைப்பது அரிது. எனினும் ஒவ்வோராண்டும் ஏப்ரல் மாத நடுப்பகுதியில், மாத்தளை நகரிலிருந்து உக்குவளைக்கும் இரத்தோட்டைக்கும் எல்கடுவைக்கும் செல்லும் வீதிகளில், புத்தாடையுடனும் கையில் ஒரு பொதியுடனும் பேருந்துக்குக் காத்துநிற்கும் சில குடும்பங்களுக்கு இஃது ஏட்டு வினாவன்று. அவர்கள் ஒரு வீட்டிலே புத்தாண்டு உணவை உண்டு முடித்து, மற்றொரு வீட்டிலே அதே புத்தாண்டு உணவை உண்ணப் புறப்பட்டவர்கள். தந்தை வழி வீடு சிங்களக் கிராமத்தில் இருக்கும். தாய் வழி வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும். சில குடும்பங்களில் இது மாறியும் இருக்கும். இரு வீட்டாரும் அவர்களிடம் வேண்டுவது ஒன்றே: ஆண்டின் முதல் உணவை எங்களோடு உண்ணுங்கள்.

முதல் என்னும் சொல்லிலேதான் சிக்கலின் வேர் உள்ளது. விருந்து இரண்டாக இருக்கலாம், ஆடை இரண்டாக இருக்கலாம், ஆசி இரண்டாக இருந்தால் நன்றே. ஆனால் முதல் என்பது எண்ணும் முறையிலேயே ஒன்றாக மட்டும் இருக்கவல்லது. இரண்டாவது வீட்டில் வாயிலிடும் கவளத்தை முதற் கவளமெனக் கூறுபவர் ஒன்றில் எண்ணத் தெரியாதவர், அன்றேல் பொய்யர். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் முன்னிலையில், பெரியோரின் பாதங்களை வணங்கிய கையோடு, இத்தகைய பொய்யொன்று சொல்லப்படுகின்றதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மாத்தளை மாவட்டத்தில் இவ்வினா எழுவது தற்செயலன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பாலித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற இடமெனப் பௌத்த மரபு போற்றும் அலுவிகாரை, மாத்தளை நகருக்கு வடக்கே மிக அண்மையில் உள்ளது. அதே வடக்கு வழியாகத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில், தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கிய தொழிலாளர் காடுகளினூடே தம்புள்ளையைக் கடந்து கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்து வந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். உயிரோடு வந்து சேர்ந்தோருக்கு மாத்தளையே மலைநாட்டின் முதல் வாசல். 1869 இல் கோப்பிச் செடியின் இலையில் தோன்றிய நோய் அப்பயிரை அழித்துவிட, தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் அதன் இடத்தைப் பிடித்தன. 1880 இல் கண்டியிலிருந்து புகையிரதப் பாதை மாத்தளையை வந்தடைந்தது. நகரின் நடுவே முத்துமாரியம்மன் கோயில் எழுந்தது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ நான்கு இலட்சத்து எண்பத்து நாலாயிரம். அவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர், தமிழரும் முஸ்லிம்களும் ஏறத்தாழப் பத்தில் ஒவ்வொரு பங்கினர். கிராமமும் தோட்டமும் பல இடங்களில் ஒரே வேலியின் இருபுறங்களாக உள்ளன. வேலியைக் கடந்து மணவினைகள் நிகழ்ந்தமை இயல்பே.

அத்தகைய குடும்பமொன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். உக்குவளைப் பக்கத்துச் சிங்களக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் தந்தை. எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவரின் மகள் தாய். பிள்ளைகள் இருவர். தந்தையின் தாயை அவர்கள் ஆச்சி என்பர்; தாயின் தாயை அம்மாயி என்பர். (ஆச்சி என்னும் சொல் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் கண்டிச் சிங்களப் பிள்ளைக்கும் பாட்டியையே குறிப்பது இடையில் நினைக்கத்தக்கது.) வெசாக் வந்தால் இக்குடும்பம் கிராமத்துக்குச் செல்கிறது, வெளிச்சக்கூடு கட்டுகிறது. தீபாவளி வந்தால் தோட்டத்துக்குச் செல்கிறது. பண்டிகை முற்பணம் கிடைத்ததா, எவ்வளவு கழிக்கப்படும் என்ற பேச்சுகளுக்கிடையே பலகாரம் உண்கிறது. இவ்விரு நாள்களிலும் எவருக்கும் மனக்குறை இல்லை. ஆச்சிக்குத் தீபாவளியில் பங்கில்லை. அம்மாயி வெசாக்கில் உரிமை கோருவதில்லை. ஒரு வீட்டார் மற்ற வீட்டாருக்கு விருந்தினராகலாம், அதில் மகிழவும் மகிழலாம்.

மனக்குறை தோன்றுவது இரு வீட்டாரும் ஒருங்கே கொண்டாடும் ஒரே நாளில்தான். வேறுபாடே பிணக்கை விளைவிக்கும், ஒற்றுமையே உறவை வளர்க்கும் என்பது மேடைகளில் ஓயாது கேட்கும் கூற்று. இக்குடும்பத்தின் அனுபவம் அதற்கு நேர்மாறானது. வேறுபட்ட பண்டிகைகள் குடும்பத்தைப் பெருக்குகின்றன. ஒரே பண்டிகைதான் அதனை இரண்டாக்குகின்றது. சித்திரைப் புத்தாண்டைச் சிங்கள தமிழ்ப் புத்தாண்டு என இணைத்தழைத்து, அதனை இன ஒற்றுமையின் சான்றாகக் காட்டுவோர், அவ்வொற்றுமை ஒரு தாயின் வயிற்றில் என்ன செய்கின்றது என்பதைக் கருதுவதில்லை. இரு வீட்டிலும் ஒரே நாளில் பால் பொங்குகின்றது. ஒரே பிள்ளை இரண்டு அடுப்பங்கரைகளில் எதிர்பார்க்கப்படுகின்றது.

சடங்குகளைச் சற்று நெருங்கி நோக்கல் தகும். சூரியன் மீன ராசியை விட்டு மேட ராசியிற் புகுவதே இரு சாராருக்கும் ஆண்டுப் பிறப்பு. கிராமத்து வீட்டில் அதற்கு முன்பே அடுப்பு அணைக்கப்படுகின்றது, சாம்பல் அள்ளப்படுகின்றது. நொனகதய எனச் சிங்களத்தில் வழங்கும் இடைவேளையில் சமைத்தலும் இல்லை, உண்ணலும் இல்லை, தொழிலும் இல்லை. பின்னர் குறித்த சுபவேளையில், குறித்த நிறத்து ஆடை அணிந்து, குறித்த திசை நோக்கி அடுப்பு மூட்டப்படுகின்றது. புதுப்பானையில் பால் பொங்குகின்றது. கிரிபத் எனப்படும் பாற்சோறு சமைக்கப்படுகின்றது. கெவும், கொக்கிஸ், அலுவா, தொதல் ஆகியன தட்டுகளில் அடுக்கப்படுகின்றன. உண்பதற்கும் ஒரு சுபவேளை உண்டு. வீட்டின் தலைவர் ஒவ்வொருவர் வாயிலும் பாற்சோற்றை ஊட்டுகின்றார். அதன்பின் வெற்றிலை கொடுத்துப் பெரியோரை வணங்குவர். சிறு பணம் கைமாறும்.

தோட்டத்து லயத்தில் மருத்துநீர் தலையில் வைத்து நீராடுவர். தலைக்கும் காலுக்கும் உரிய இலைகளைப் பஞ்சாங்கம் சொல்லும். கிராமத்து வீட்டிலும் சில நாள் கழித்து எண்ணெய் வைக்கும் சடங்கில் தலைக்கொன்று காலுக்கொன்று என இலைகள் உண்டு. லயத்தின் வாசலிலும் பால் பொங்கும். சர்க்கரைப் பொங்கல் படைக்கப்படும். பெரியோரின் காலில் விழுந்து எழுவோர் கைவிசேடம் பெறுவர். இரு வீடுகளிலும் குனியும் முதுகு ஒன்று. நீட்டப்படும் கையும் ஒன்று. மாறுவது தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் மாத்திரமே என்று கூறிவிடத் தோன்றும். ஆயினும் பாட்டியரிடம் அப்படிக் கூறிப் பார்ப்பவர் இருவராலும் கண்டிக்கப்படுவர்.

இனி, முதல் என்னும் சொல்லுக்கு மீளலாம். இச்சொல் ஒரு கணத்தைக் குறிப்பதாகவே பொதுவில் எண்ணப்படுகின்றது. ஆண்டு பிறக்கும் கணம் ஒன்று. அதனைத் தொடர்ந்து வரும் முதல் உணவு ஒன்று. ஆனால் பஞ்சாங்கம் இவ்வெண்ணத்தை ஏற்பதில்லை. சூரியன் ஒரு புள்ளியன்று, அது வட்டம். அவ்வட்டத்தின் தோற்ற விட்டம் ஏறத்தாழ 32 கலை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை, அதாவது 60 கலை நகரும் சூரியன், தன் வட்டம் முழுவதும் ராசியின் எல்லையைக் கடந்து முடிப்பதற்கு 12 மணி 48 நிமிடம் எடுக்கின்றது. சிங்களப் பஞ்சாங்கம் குறிக்கும் புண்ணியகாலத்தின் அளவும் இதுவே: பிறப்புக்கு முன் 6 மணி 24 நிமிடம், பின் 6 மணி 24 நிமிடம், நாழிகைக் கணக்கில் முன்னும் பின்னும் பதினாறு. 2024 ஆம் ஆண்டில் புத்தாண்டு ஏப்ரல் 13 ஆம் நாள் இரவு 9.05 இற்குப் பிறந்தது. புண்ணியகாலமோ பிற்பகல் 2.41 இற்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை 3.29 வரை நீடித்தது. தமிழ்ப் பஞ்சாங்கங்களில் விஷு புண்ணியகாலம் முன் பத்து நாழிகையும் பின் பத்து நாழிகையும் ஆக எட்டு மணித்தியாலம். அவற்றுள்ளும் வாக்கியமும் திருக்கணிதமும் ஆண்டு பிறக்கும் நிமிடத்தில் உடன்படுவதில்லை.

இக்கணக்கின் மெய்யியற் பொருள் பெரிது. தொடக்கம் என்பது அகலமற்ற கோடன்று. அஃது அகலமுள்ள ஒரு வெளி. அதனுள் நிற்பவர் பழைய ஆண்டிலும் இல்லை, புதிய ஆண்டில் முழுமையாகவும் இல்லை. 1909 இல் வெளிவந்த தமது நூலில் வான் கெனப் என்னும் பிரெஞ்சு மானிடவியலறிஞர், வாழ்க்கைச் சடங்குகள் யாவற்றிலும் பிரிதல், சேர்தல் ஆகிய இரண்டுக்குமிடையே வாசற்படி போன்றதொரு நிலை உண்டு எனக் காட்டினார். நொனகதய அத்தகைய வாசற்படி. படியில் நிற்பவரை நோக்கி, முதற்காலை எங்கே வைத்தாய் என வினவுவதில் பொருளில்லை. புண்ணியகாலம் முடியுமுன் இரு வீடுகளிலும் உண்ணக் கூடுமாயின், இரு கவளங்களும் தொடக்கத்தினுள்ளேயே அடங்குகின்றன. இரண்டுமே முதற் கவளங்கள். பொய் எங்கும் சொல்லப்படவில்லை.

பாலி நூலாகிய மிலிந்தபஞ்ஹவில் வரும் விளக்கு உவமையும் இதற்கு உதவக்கூடும். இரவின் முதற்சாமத்தில் எரியும் சுடரும் கடைச்சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா வேறா என்னும் வினாவுக்கு, ஒன்றுமன்று, வேறுமன்று என்ற போக்கில் அந்நூலின் விடை அமைகின்றது. கிராமத்துப் பாற்சோறும் தோட்டத்துப் பொங்கலும் அவ்வாறே ஒரே தொடக்கத்தின் ஒரே எரிதல் எனலாம். (கணந்தோறும் மனிதர் மாறுவர் என்னும் கொள்கையை முற்றாக ஏற்பவர், உக்குவளையில் உண்டவர் வேறு, எல்கடுவையில் உண்பவர் வேறு என வாதித்து இரண்டாம் முறையும் தயக்கமின்றி இலையின் முன் அமரலாம். பசி அக்கொள்கையை ஏற்பதில்லை என்பதே குறை.)

இருமுறை உண்ணல் உலகில் புதுமையுமன்று. யூத மக்கள் எகிப்திலிருந்து விடுதலை பெற்றமையை நினைவுகூரும் பாஸ்காப் பண்டிகையின் முதல் இரவில் சேடர் என்னும் சடங்குணவை உண்பர். இஸ்ரவேல் நாட்டில் அஃது ஓரிரவுக்கு உரியது. அதற்கு வெளியே மரபு பேணும் யூதர் இரண்டு இரவுகள் தொடர்ந்து அதே உணவை, அதே வினாக்களோடும் அதே கதையோடும் உண்கின்றனர். பண்டைக் காலத்தில் பிறை கண்ட செய்தி எருசலேமிலிருந்து தொலைவிடங்களுக்கு உரிய வேளையில் சென்று சேராமையால், எந்த நாள் சரியான நாள் என்னும் ஐயம் அவர்களுக்கு இருந்தது. கணிதத்தால் நாள்காட்டி உறுதியான பின்னரும் அவர்கள் இரண்டாம் இரவைக் கைவிடவில்லை. அங்கே இரட்டிப்பை விளைவித்தது ஐயம். மாத்தளையில் அதனை விளைவிப்பது ஐயமன்று. இரு பக்கத்தாரும் கொண்டுள்ள உறுதி. ஆகவே யூதரின் இரண்டாம் இரவு எவரையும் புண்படுத்துவதில்லை. மாத்தளையின் இரண்டாம் இலை ஒருவரைப் புண்படுத்தக்கூடும். தமிழ்நாட்டில் 2008 இல் தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டெனச் சட்டம் இயற்றி, 2011 இல் அச்சட்டத்தை நீக்கிச் சித்திரைக்கு மீண்டனர். அரசு ஒரு நாளை முதலாக்கவும் அம்முதன்மையை மீளப் பெறவும் வல்லது. பாட்டியின் மனத்தில் அதற்கு அதிகாரமில்லை.

எனவே தருக்க முறையில் முடிச்சு அவிழ்ந்தபின்னும் ஒழுக்க முறையில் அஃது அவிழவில்லை. வினாவின் கூர்மை நேரத்திலிருந்து உண்பவரின் உள்ளத்துக்கு இடம் மாறுகின்றது. முதல் வீட்டில் பிள்ளை பசியோடு உண்கின்றது. நொனகதய அப்பசியை நன்கு வளர்த்து வைத்திருக்கின்றது. இரண்டாம் வீட்டில் அதே பிள்ளை நிறைந்த வயிற்றோடு இலையின் முன் அமர்கின்றது. அம்மாயி பொங்கலை அள்ளி வைக்கிறார். போதும் எனச் சொன்னால் அவருடைய முகம் மாறும். உண்டால் வயிறு நோகும். தாய் கண்ணால் சைகை காட்டுகிறார். பிள்ளை உண்கின்றது, சுவைக்கிறது என்றும் சொல்கின்றது.

இம்மானுவேல் காண்ட் 1785 இல் வெளியிட்ட ஒழுக்க மெய்யியல் நூலில், விருப்பினால் செய்யப்படும் நற்செயலுக்கும் கடமை கருதிச் செய்யப்படும் நற்செயலுக்கும் இடையே கடும் கோடு ஒன்றை இழுத்தார். உதவி செய்வதில் இயல்பாகவே இன்பம் காண்பவரின் உதவி பாராட்டுக்குரியதாயினும், அதற்கு உண்மையான ஒழுக்க மதிப்பு இல்லை. மனம் வறண்ட நிலையிலும் கடமையென்று உணர்ந்து உதவுபவரின் செயலே அம்மதிப்பைப் பெறும் என்பது அவர் கருத்து. இதன்படி நோக்கின் முதல் வீட்டில் உண்ட கவளம் வெறும் பசி தீர்த்தல். இரண்டாம் வீட்டில் பசியின்றி உண்ட கவளமே ஒழுக்கச் செயல். கணிதத்தில் பின்னதாகிய கவளம் ஒழுக்கத்தில் முன்னதாகிவிடுகின்றது! அழகான முடிவு. ஆயினும் அம்மாயி இதனைக் கேட்டால் என்ன சொல்வார்? பேரப்பிள்ளை தன் வீட்டில் கடமைக்காக உண்டது என்பதைவிட அவரைப் புண்படுத்தும் செய்தி வேறொன்று இருக்கமுடியாது. அவர் வேண்டுவது காண்ட் போற்றும் செயலையன்று, காண்ட் ஒதுக்கிய விருப்பையே. நற்செயலை மகிழ்வோடு செய்பவரே நல்லவர் எனக் கொண்ட அரிஸ்டோட்டிலின் பக்கத்தில்தான் பாட்டிமார் அனைவரும் நிற்பர் எனத் தோன்றுகின்றது.

பிள்ளை சுவைக்கிறது என்று சொன்னது பொய்யா? பசியில்லாத நாவுக்கும் சுவை தெரியும். ஆகவே சொல் அளவில் அது பொய்யன்று. அதனினும் முக்கியமானது, அச்சொல்லைச் சொல்லியும் கேட்டும் பழகுவதனாலேயே விருப்பு பிறக்கவும் கூடும் என்பது. பத்து ஆண்டுகள் கடமையாக உண்ட பொங்கல் பதினோராம் ஆண்டில் ஏக்கமாக மாறுவதுண்டு. பெரும்பாலும் அதனைச் சமைத்தவர் இல்லாத ஆண்டில்.

உள்ளத்தின் வினாவினும் கடுமையானது நீதியின் வினா. இரு வீடுகளுள் எது முன், எது பின்? புண்ணியகாலத்தின் அகலம் இரண்டுக்கும் இடமளிக்கின்றது. ஆனால் பேருந்து ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிறுத்தங்களை அடைகின்றது. அவ்வேளையில் பேருந்துகளும் குறைவு. பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் சோதிடர் குழு வகுத்த சுபவேளைகள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாடெங்கும் அறிவிக்கப்படுகின்றன. ஒரே நிமிடத்தில் இலட்சக்கணக்கான அடுப்புகள் எரிகின்றன. லயத்துச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கத்துக்கு அத்தகைய குரல் இல்லை. தந்தை வழி என்பது முதலாவது காரணம், பெரும்பான்மை என்பது இரண்டாவது, வீடு பெரிது என்பது மூன்றாவது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் எல்லோரும் எங்கே அமர்வது என்பர். காரணங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியன, நியாயமானவையுங்கூட. அவை யாவும் ஒரே பக்கம் சாய்வதுதான் கவனிக்கத்தக்கது. ஆண்டுகள் பல சென்றபின், ஒருவரும் தீர்மானிக்காமலே கிராமம் முதலாகவும் தோட்டம் இரண்டாவதாகவும் நிலைத்துவிடுகின்றன.

ஓராண்டு இங்கே முதல், மறு ஆண்டு அங்கே முதல் என முறைவைத்துக்கொள்ளலாமே எனச் சிலர் கூறுவர். நீர்ப்பாசன வாய்க்காலுக்கு முறைவைப்புப் பொருந்தும். வயல் மனம் நோவதில்லை. முறைவைத்த வீட்டில், இவ்வாண்டு எங்கள் ஆண்டு என்னும் கணக்கும் அடுத்த ஆண்டு யார் இருப்பர் யார் இரார் என்னும் அச்சமும் விருந்தோடு வந்து அமர்கின்றன. எழுபது வயதைக் கடந்தவருக்கு ஓராண்டு விட்டு ஓராண்டு என்பது பாதியன்று. அதனினும் மிகக் குறைவு. எனினும் முறைவைப்பில் ஒரு நேர்மை உண்டு என்பதை மறுத்தலாகாது. அஃது இரு பக்கத்தையும் சமமென ஏற்கின்றது. முறைவைக்க மறுத்து, அவர்கள் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் எனச் சொல்லும் வீடுகளைவிட அது மேல்.

அவர்கள் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்னும் இத்தொடர் தனியே ஆராயத்தக்கது. விவிலியத்தில் சாலமோன் மன்னன் முன் இரு பெண்கள் ஒரு குழந்தைக்காக வழக்காடினர். குழந்தையை இரண்டாகப் பிளக்குமாறு மன்னன் சொன்னபோது, குழந்தை உயிரோடிருந்தாற் போதும் என விட்டுக்கொடுத்தவளே உண்மைத் தாய் எனத் தீர்ப்பாயிற்று. விட்டுக்கொடுத்தல் அன்பின் அடையாளம் என்பதற்கு இக்கதையைக் காட்டுவோர் பலர். ஆனால் அக்கதையில் விட்டுக்கொடுத்தவளுக்கே குழந்தை கிடைத்தது என்பதை மறத்தலாகாது. மாத்தளையில் விட்டுக்கொடுப்பவருக்கு ஆறிய சோறு கிடைக்கின்றது. அதுவுமன்றி, அன்பினால் விட்டுக்கொடுத்தலும் தோற்றுப் பழகியமையால் விட்டுக்கொடுத்தலும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. நீங்கள் அங்கே போய்விட்டு மெதுவாக வாருங்கள் என அம்மாயி சொல்லும்போது, அவ்விரண்டில் எது பேசுகின்றது என்பதை அவருடைய மகளாலும் அறுதியிட்டுக் கூற முடியாது.

தோற்றுப் பழகியமை என்பது மிகைப்படக் கூறியதன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே தாயின் பிள்ளைகளுள் ஒருவர் கோத்தகிரியிலும் மற்றவர் மாத்தளையிலுமாக அடுப்பு மூட்டும் நிலை அவ்வாறு தோன்றியது. அவர்களும் புத்தாண்டை இரண்டு வீடுகளில் கொண்டாடுகின்றனர். ஆனால் எவரும் இரண்டிலும் உண்பதில்லை. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. இரண்டாம் இலை சுமையெனத் தோன்றும் பிள்ளைக்கு, கடலைக் கடந்து நிற்கும் அந்த இலை நினைவூட்டப்படல் நன்று. இரு வாசல்களும் திறந்திருக்கும் வீட்டிலேதான் எந்த வாசல் முதல் என்னும் வினா எழும்.

வாசல்கள் எப்பொழுதும் திறந்திருந்தனவுமல்ல. 1983 யூலையில் மாத்தளை நகரிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தீக்குத் தப்பவில்லை. அந்நாள்களில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டினுள் மறைத்துவைத்துச் சோறு போட்ட சிங்களக் குடும்பங்களும் நாட்டின் பல பாகங்களில் இருந்தன. அச்சோற்றுக்குச் சுபவேளை குறிக்கப்படவில்லை.

கலப்பு மணம் இல்லாத வீடுகளுக்கிடையேயும் புத்தாண்டு உணவு இருமுறை உண்ணப்படுவது மாத்தளையில் வழக்கமே. பாற்சோறும் கெவுமும் வைத்த தட்டு வெண்துணியால் மூடப்பெற்று அயலிலுள்ள தமிழ் வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் செல்கின்றது. நோன்புப் பெருநாளில் வட்டிலப்பம் மறுவழியில் வருகின்றது. தீபாவளியில் முறுக்கும் அதிரசமும் செல்கின்றன. தட்டை வெறுமையாகத் திருப்பியனுப்புதல் ஆகாது என்பது எழுதாச் சட்டம். வேறொன்றும் இல்லாவிடின் ஒரு பிடி சீனியேனும் இடுவர். மார்செல் மோஸ் 1925 இல் கொடை பற்றி எழுதிய ஆய்வில், கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் என்னும் மூன்று கடப்பாடுகளால் சமுதாயங்கள் பிணைக்கப்படுவதை விளக்கினார். அயல்வீட்டுத் தட்டு இம்மூன்றுக்கும் தக்க சான்று. ஆனால் பேரப்பிள்ளை தட்டன்று. அதனை அனுப்பியவர் யார், ஏற்றவர் யார் எனப் பிரித்தறிய இயலாது; இரு வீட்டாரும் தாமே கொடுத்தவர் எனவும் திருப்பித் தரவேண்டியவர் மற்றவரே எனவும் கருதுகின்றனர்.

இனி, பேருந்துக்குக் காத்துநிற்கும் குடும்பத்தின் கையிலுள்ள பொதிக்கு வரலாம். வாழையிலையில் சுற்றிய பாற்சோறும் சில கெவும்களும் அதில் உள்ளன. ஆச்சி கட்டித் தந்தவை. அவற்றை லயத்துக்குக் கொண்டுசென்று, அம்மாயியின் பொங்கலோடு ஒரே இலையில் வைத்து உண்டால் இரு விருந்துகளும் ஒன்றாகிவிடும், முன் பின் என்னும் பேச்சுக்கே இடமிராது என எண்ணுவோர் உளர். இவ்வெண்ணம் கற்றோருக்கு உகந்தது. இரண்டை ஒன்றாக்கும் எதுவும் அவர்களுக்கு உகந்ததே. நடைமுறையில் நிகழ்வது வேறு. அம்மாயி பொதியை இரு கைகளாலும் வாங்கிக்கொள்கிறார். சம்பந்தி அம்மாவின் கைப்பக்குவத்தை மனதாரப் புகழ்கிறார். அதனைச் சாமிப் படத்தின் கீழே பத்திரமாக வைக்கிறார். பின்னர் அடுப்பருகே மூடி வைத்திருந்த பானையைத் திறந்து, "இத முதல்ல சாப்பிடுங்க, அது பொறகு" என்று சொல்லி இலையைப் போடுகிறார். அவர் அன்று காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லை என்பது பிள்ளைகள் கை கழுவிய பின்னரே தெரியவருகின்றது.